பழைய முறைப்படி

காலனிய நீக்கம் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு அறுபத்தாறு வயது. நாமக்கல்லில் வாழ்நாள் முழுக்க சிவில் வழக்கு நடத்திவிட்டு, மனைவி போன பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து டி.வி. பார்க்கப் பிடிக்காமல், பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்தேன். சமூகமும் அரசியலும் என்பது துறை. காலனிய நீக்கம் அதில் ஒரு சிறப்புப் பாடம். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் நான்தான் பேராசிரியர் என்று நினைத்துப் பையன்கள் எழுந்து நின்றார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் வக்கீலய்யா.

அந்தப் பாடம் என்னைப் பிடித்து ஆட்டியது. என் மகள் வயதில் இருந்த பேராசிரியை, வெள்ளைக்காரன் போய்விட்டாலும் அவன் போட்ட சட்டமும், நம்மைப் பற்றி அவன் எழுதி வைத்ததும், நம்மை நாமே பார்க்க அவன் கொடுத்த கண்ணும் இன்னும் நம்மிடம்தான் இருக்கின்றன என்று விளக்கினார். சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் மாட்டிக்கொண்டு "யுவர் ஆனர்" என்று குனிந்து நின்ற நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. யாரோ என்னை ஏமாற்றிவிட்டதுபோல எரிச்சல் வந்தது. உண்மையில் யாரும் ஏமாற்றவில்லை. அந்தக் கோட்டில்தான் வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனால் அந்த வயதில், வாழ்க்கை வெறிச்சோடிக் கிடப்பதற்கு இன்னொருவனைக் காரணம் காட்ட முடிவது பெரிய ஆறுதலாக இருந்தது.

கற்றதை வைத்து மற்றவர்களைக் குத்தவும் ஆரம்பித்தேன். ஒரு பையன் எஸ்.ஐ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அப்பா இல்லாத வீடு. "வெள்ளைக்காரன் உட்டுட்டுப் போன தொப்பிக்கு இத்தன அவசரமா, தம்பி?" என்று வகுப்பு நடுவில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்காரவே இல்லை. அப்போது அது எனக்கு ஒரு வெற்றியாகத் தெரிந்தது.

இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். கொல்லிமலையில் ஊர்கள் நாடு நாடாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டக்காரர் உண்டு. கல்யாணம், பிரிவு, வேலித் தகராறு எல்லாவற்றையும் அவர் முன்னால் கூடிப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். கோர்ட்டுக்கு முன்பே இருந்த நியாயம், இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லி, அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். மலைக்குப் பலமுறை போனேன். பலாச்சுளை கொடுத்தார்கள், காபி கொடுத்தார்கள், பழைய கதைகள் சொன்னார்கள். ஆனால் ஒரு பஞ்சாயத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை கண்ணால் பார்க்க மட்டும் வாய்க்கவில்லை. எப்போது கூடும் என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன்.

"பஞ்சாயத்து என்ன சினிமாவுங்களா, ஷோ டைம் சொல்றதுக்கு?" என்றார்.

அந்த நேரத்தில்தான் அவள் என்னிடம் வந்தாள். என்னோடு படித்தவள், வளப்பூர் நாட்டுக்காரி. மலையிலிருந்து எங்கள் வகுப்பில் இருந்தவள் அவள் ஒருத்திதான். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். புருஷன் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றி அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைக்கு லாரி ஓட்டுகிறவன். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். இவள் காலேஜ் போக ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். மாதக்கணக்கில் ஒரு வார்த்தை கிடையாது. இவள் வீட்டில் இருக்கும்போதே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, "உங்கம்மா செத்துப் போயிட்டா கண்ணு, நீ சாப்புடு" என்று சொல்வானாம். அதைத் தாங்க முடியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். குழந்தைக்கு ஐந்து வயது. வாரம் முழுக்க ஹாஸ்டலில் இருந்துவிட்டு சனிக்கிழமை பஸ் பிடித்து மகளைப் பார்க்கப் போவாள். இப்போது அவன் குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான்.

கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து, டீயைத் தொடாமல் கேட்டாள்.

"ஐயா, ஒரு மனு போட்டுக் குடுங்க. புள்ள எங்கிட்டயே இருக்கோணும். எவ்வளவு ஆகுமுன்னு சொல்லுங்க, பாத்துக் குடுத்தர்றேன்."

அவள் கேட்டது எனக்கு மிக எளிதான வேலை. சட்டம் தெரிந்த எவனுக்கும் அது தெரியும். மலைக்காரர்கள் பழங்குடியினர் என்பதால் இந்துக்களுக்குப் போட்ட குடும்பச் சட்டங்கள் அவர்களுக்கு நேராகப் பொருந்தாது. மிச்சம் இருப்பது வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட காப்பாளர் சட்டம். குழந்தையின் நலன் எதுவோ அதுதான் முதல் என்று சொல்லும் சட்டம் அது. ஐந்து வயதுப் பெண் குழந்தை, கையில் வைத்திருக்கும் தாய், படித்தவள். மனு போட்டிருந்தால் பெரும்பாலும் அவள் பக்கம்தான் வந்திருக்கும். அவள் பேசி முடிக்கும் முன்பே இது என் மனசில் ஓடிவிட்டது.

நான் சொன்னது இது: "ஏன் சாமி, வகுப்புல இத்தன நாளா என்ன படிச்சோம்? உன்ற புள்ளைக்கு நியாயம் சொல்ல வெள்ளைக்காரன் கட்டுன கோர்ட்டுதான் வேணுமா? உங்க நாட்டுல கூட்டம் இல்லியா? பட்டக்காரர் இல்லியா?"

"அவுங்க எப்படிச் சொல்லுவாங்கன்னு தெரியாதுங்களே."

"ஜட்ஜு எப்படிச் சொல்லுவாருன்னு மட்டும் தெரியுமா?"

அவள் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "ஐயா, எனக்கு வெள்ளக்காரனும் வேண்டாம், பட்டக்காரரும் வேண்டாம். எனக்குப் புள்ள வேணும்" என்றாள்.

நான் சிரித்தேன். அடுத்த வாரக் கருத்தரங்கில் அதே வாக்கியத்தை, அடிமைப்பட்ட மனம் எப்படிப் பேசும் என்பதற்கு உதாரணமாகச் சொன்னேன். அவள் பெயரைச் சொல்லவில்லை. அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அதோடு விட்டிருந்தால் அவள் வேறு வக்கீலைப் பார்த்திருப்பாள். நான் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் பேசினேன். அவளுடைய தாய்மாமனுக்குப் போன் போட்டேன். கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும், மலையில் கெட்ட பேர் வரும் என்றேன். கடைசியில், "நானே வந்து உக்காந்துக்கறேன், கண்ணு. தப்பா எதுவும் போகாது" என்றேன்.

"நீங்க வர்றதுன்னா சரிங்க" என்றாள். ஒரு வக்கீல் கூட இருந்தால் தப்பு நடக்காது என்று நம்பினாள். எனக்கோ, ஆய்வேட்டுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடியது. முதல் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, கோயிலுக்கு முன்னால் இருந்த வெளியில் ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தரையில் உட்காருகிறேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். பட்டக்காரர் சிறிய உருவம், மிளகுத் தோட்டத்திலிருந்து நேராக வந்தவர்போல விரல்களில் மண் இருந்தது. பெண்ணுக்காகத் தாய்மாமன் பேசுவது முறை. அவள் அம்மாவோடு பெண்கள் பக்கம் நின்றாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, என் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

புருஷன் பக்கத்துப் பங்காளி ஒருவன் ஆரம்பித்தான். "படிக்கறவங்களுக்கு எதுக்குங்க புள்ள? புஸ்தகத்தத் தாலாட்டிக்கிட்டு இருப்பாங்க."

கூட்டம் சிரித்தது.

"உங்க ஊட்டுல எங்கடா தொட்டில் கட்டுவீங்க?" என்றார் தாய்மாமன். "கிழங்கு மூட்டைக்கே எடமில்லாம ஆளுங்க வாசல்ல படுக்கறீங்க."

"வாசல்ல படுத்தாலும் புள்ளைய உட்டுட்டு ஹாஸ்டலுக்கு ஓடுல."

"நிறுத்துங்கடா" என்றார் பட்டக்காரர். "புள்ளையப் பத்திப் பேசச் சொன்னா தொட்டிலப் பத்திப் பேசறானுங்க." புருஷனைப் பார்த்தார். "நீ சொல்லு. பொண்டாட்டி வேணுமா?"

"வேண்டாமுங்க. அவ செத்துட்டா. புள்ளையக் குடுங்க."

அவள் அப்போதும் தலை குனியவில்லை.

பட்டக்காரர் பெரியவர்களோடு தணிந்த குரலில் பேசினார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இப்பெல்லாம் சின்னப் புள்ளையா இருந்தா தாய்கிட்டயே உட்டர்றதுதான். போன தடவ வந்த வழக்குலகூட அப்படித்தான் சொன்னோம். பெரிசான பொறவு அப்பன் ஊட்டுக்குப் போவட்டும். இவனும் நெனச்சப்ப வந்து பாத்துக்கட்டும்." புருஷன் பக்கம் முணுமுணுத்தார்கள். பழைய முறையை மாற்ற இவர் யார் என்று ஒரு குரல் கேட்டது. பட்டக்காரர் தயங்கி என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க வக்கீலய்யா, கோர்ட்டுக்குப் போனா என்ன சொல்லுவாங்க? அப்பறம் நம்ம பழைய மொறையும் உங்களுக்குத் தெரியுமுங்களே, இத்தன நாளா கேட்டுக் கேட்டு எழுதறீங்க. ரெண்டையும் சொல்லுங்க."

அவர் என்னிடம் கை நீட்டி உதவி கேட்டார் என்பது இப்போது புரிகிறது. கோர்ட்டில் தாய்க்குத்தான் கிடைக்கும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு அவர் கூட்டத்தை அடக்கியிருப்பார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"கோர்ட்டைப் பத்தி இங்க எதுக்குங்க" என்றேன். "பழைய முறைப்படி, புள்ள தாலி கட்டுனவன் ஊட்டுக்குத்தான். பொம்பள பிரிஞ்சு போலாம், புள்ளைய எடுத்துட்டுப் போக முடியாது. எழுதியே வெச்சிருக்குது."

"யாருங்க எழுதுனது?" என்றார் ஒரு பெரியவர்.

"அந்தக் காலத்துலயே எழுதியிருக்குதுங்க."

எழுதியவன் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. மலைக்கு வந்து கூடாரம் போட்டு, யாரையோ கேட்டு, ஒரு பத்தி எழுதிவிட்டு இறங்கிப் போனவன். யாரைக் கேட்டான், அவர் சொன்னதில் இவனுக்கு எவ்வளவு புரிந்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட குறிப்புகளை நம்பக்கூடாது என்று வகுப்பில் நானே ஒரு மணி நேரம் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் காலையில், பட்டக்காரர் தானாக மாற்றிச் சொன்னது எனக்குக் கலப்படமாகத் தெரிந்தது. கோர்ட்டின் வாடை அடிப்பதாகத் தோன்றியது. என் ஆய்வேட்டுக்கு அசல் வேண்டும். அந்த மக்கள் தங்கள் நியாயத்தைத் தாங்களே திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், வெள்ளைக்காரன் எழுதியதை எடுத்துக் கொடுத்து, இதுதான் நீங்கள் என்று சொன்னேன்.

எழுதி வைத்திருக்கிறது என்ற பிறகு பட்டக்காரரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. "வக்கீலய்யாவே சொல்றாருங்க" என்று புருஷன் பக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவர் விரல்களில் இருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்தார். பிறகு, "அப்ப அப்படியே ஆவட்டும்" என்றார்.

அங்கேயே, அப்போதே கொண்டுபோனார்கள். புருஷன் பைக்கைக் கிளப்பி, குழந்தையைத் தூக்கிப் பெட்ரோல் டேங்க் மேல் முன்னால் உட்காரவைத்தான். அது அழவில்லை. பைக்கில் போவது அதற்குப் பிடிக்கும்போல. ஹாரனை ஒருமுறை அழுத்திப் பார்த்துச் சிரித்தது. "அம்மா, நீ பொறகால பஸ்ஸுல வா" என்றது. வண்டி சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனது. அவளும் ஆட்டினாள். நான் எல்லாவற்றையும் போனில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கீழே இறங்கும் பஸ்ஸில் அவள் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பாதி மலை இறங்கியதும் ஆரம்பித்தாள்.

"ஐயா, கோர்ட்டுல என்ன சொல்லுவாங்கன்னு கேட்டாருங்களே. ஏன் சொல்லுல?"

"நான் பாக்க வந்தவன், கண்ணு. நடுவுல பேசக்கூடாது."

"பேசுனீங்களே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடிவாரம் வந்ததும் கேட்டாள். "இப்பவாவது மனு போடலாமுங்களா?"

கொஞ்சம் பொறு, கூட்டத்தை அவமதித்ததுபோல ஆகிவிடும், நான் எடுத்துப் பேசுகிறேன் என்றேன். காரணம் அது இல்லை. நாட்டுக் கூட்டத்தின் தீர்ப்பே முடிவு, அதற்கு மேல் யாரும் போவதில்லை என்று ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் எழுத இருந்தேன். அவள் உடனே கோர்ட்டுக்குப் போனால் அந்த அத்தியாயம் நிற்காது. ஆய்வேட்டைக் கொடுக்கும்வரை அவளைப் பிடித்து வைத்தேன். குழந்தை ஓரிடத்தில் பழகப் பழக, அங்கிருந்து பிரிக்கக் கோர்ட் யோசிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஒரு பருவம் முழுக்கத் தெரிந்தேதான் இருந்தேன்.

பட்டக்காரர் முதலில் சொன்னதை ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வக்கீல் சங்கத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அங்கே ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன்.

அவள் படிப்பை விட்டுவிட்டாள். வேறு ஒரு வக்கீலைப் பிடித்து, நான் போட்டிருக்க வேண்டிய மனுவைப் போட்டாள். புருஷனுக்கு ஆஜரானவர் ஒருகாலத்தில் என்னிடம் ஜூனியராக இருந்தவர். பாராட்டுக் கூட்டத்தில் வாங்கிய பிரதியைக் கோர்ட்டில் தாக்கல் செய்து, என்னைச் சாட்சியாக அழைத்தார். "சங்கடப்படாதீங்க சார், ரெண்டே கேள்விதான்" என்றார் வராந்தாவில்.

எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்த கோர்ட்டில் நான் கூண்டில் ஏறினேன். இந்த ஆய்வேடு உங்களுடையதா? ஆம். இதில் சொன்ன வழக்கம் அந்த மலையில் நடைமுறையில் உள்ளதா? ஆம். பிறகு அவளுடைய வக்கீல் எழுந்தார். சின்னப் பெண், குரல் நடுங்கியது. கேட்டது மட்டும் சரியான கேள்வி.

"இந்த வழக்கம் சமீபத்தில் தளர்ந்திருப்பதாக, சிறு குழந்தைகளைத் தாயிடமே விடுவதாக, யாராவது உங்களிடம் சொன்னார்களா?"

பட்டக்காரரின் குரல் என் போனில் இருந்தது. போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஆம் என்று சொன்னால் பட்டம் போகும், பாராட்டியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன்.

"அப்படி எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை" என்றேன்.

நீதிபதி குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். அது அப்பா வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறது. தீர்ப்பு தகப்பன் பக்கம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய் பார்த்துக்கொள்ளலாம். என் சாட்சி இல்லாவிட்டாலும் தீர்ப்பு அப்படித்தான் வந்திருக்கும், குழந்தையின் பேச்சுக்குத்தான் எடை என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். குழந்தையை அப்படிச் சொல்லும் அளவுக்கு அங்கே பழகவிட்டது யார் என்று அவருக்குத் தெரியாது.

இந்த வருடம் தை மாதம் மலைக்குப் போனேன். செம்மேட்டில் ஒரு துணிக்கடையில் அவள் வேலை செய்கிறாள். வெளியே வந்து, "வாங்கய்யா" என்றாள். கடை வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட்டில் நான் பொய் சொன்னதை, பதிவு என்னிடம் இருப்பதை, பிரமாணப் பத்திரம் எழுதிக் கொண்டுவந்திருப்பதை. வழக்கைத் திரும்ப எடுக்கலாம், செலவும் அலைச்சலும் என்னுடையது, என் மேல் என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும் என்றேன்.

அவள் கையில் இருந்த சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப எங்கிட்ட வந்துருவாளுங்களா?"

"வர வாய்ப்பிருக்குது, கண்ணு."

"அழுவாளுங்களே."

அவள் சேலையின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"அங்க அவளுக்கு ஒரு ஆட்டுக்குட்டி இருக்குதுங்க. அந்த ஊட்டு அப்பத்தா பக்கத்துலதான் தூங்கறா. போன ஞாயித்துக்கெழம போயிருந்தப்ப என்னய அக்காங்கறா. ஒருக்கா பிச்சாச்சு. மறுக்காவும் நாம பிக்க வேண்டாமுங்க."

உண்மை கோர்ட்டில் பதிவாவது நல்லது, உனக்காக இதையாவது செய்ய விடு என்றேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது. அத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"உங்களுக்கு வேணுமுன்னா போடுங்க. எனக்காகப் போடறேன்னு மட்டும் சொல்லாதீங்க."

உள்ளே ஒரு அம்மாள் விலை கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போய், மடித்த சேலையை மறுபடி விரித்து, முந்தானை தெரியும்படி அவர் முன்னால் பிடித்துக் காட்டினாள்.